துணைக்கு வந்தவள்

3 ஜூன் 2024, திங்கள்
ஆஸ்பத்திரியிலிருந்து போன். ஆராய்ச்சி வேலை பார்க்கும் ஹேமலதா. இந்த வருஷத்துப் பரிசோதனை பன்னிரண்டாம் தேதியாம். இது ஏழாவது வருஷம். என் வீட்டுக்காரருக்குச் சின்னதாக ஸ்ட்ரோக் வந்த பிறகு எங்களைச் சேர்த்தார்கள். மூளையில் இருக்கும் மெல்லிய ரத்தக் குழாய்கள் கெட்டுப்போனால் ஆள் எப்படி மாறுகிறார் என்று பத்து வருஷம் கவனிக்கிறார்களாம். புது மருந்து எதுவும் கிடையாது. பார்க்கிறார்கள், எழுதிக்கொள்கிறார்கள். துணைக்குப் போன என்னையும் முதல் வருஷமே எழுதிக்கொண்டார்கள். "உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா. அதனாலதான் நீங்க வேணும், ஒப்பிட்டுப் பாக்க" என்றாள் ஹேமலதா. ஒன்றும் இல்லாதவள் என்பதற்காகவே ஒரு வேலை கிடைத்தது எனக்கு மட்டும்தான் இருக்கும்.

7 ஜூன், வெள்ளி
மதியம் மருமகன் போனில் பேசினார். ஜோவிதாவுக்குப் பெண் குழந்தை, சுகப்பிரசவம். சரி என்றேன். கத்திரிக்காய் சாம்பார். உப்பு கூடிவிட்டது.

9 ஜூன், ஞாயிறு
சர்ச்சுக்குப் பூசைக்குப் போகவில்லை. ஜோவிதா போனில், "எப்பம்மா வருவ?" என்றாள். அப்பாவை விட்டுவிட்டு எப்படி வருவது என்றேன். அவள் இருப்பது ரெட்டியார்பாளையத்தில். எங்கள் முத்தியால்பேட்டையிலிருந்து ஆட்டோவில் அரை மணி நேரம்கூட ஆகாது.

தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அழைத்து வருவதுதான் முறை. இவரையும் வைத்துக்கொண்டு என்னால் முடியாது, மாமியார் வீட்டிலேயே இரு என்று ஏழாம் மாதமே சொல்லிவிட்டேன். அன்றைக்கு அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. களைப்பாக இருக்கும். இத்தனை வருஷக் களைப்பு, இருக்காதா?

12 ஜூன், புதன்
எல்லாம் வழக்கம்போல. பிரஷர், ஸ்கேன், தரையில் போட்ட கோடு வரைக்கும் நடை. ஐந்து வார்த்தை சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்கள். நான் ஐந்தும் சொன்னேன். அவர் இரண்டு.

பிறகு வீட்டு ஆளிடம் கேட்கும் படிவம். அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டும், என்னைப் பற்றி அவர். ஒவ்வொரு வருஷமும் "நல்லா இருக்கா" என்று முடித்துவிடுவார். இந்த வருஷம் திரைக்கு அந்தப் பக்கம் பேச்சு நீண்டுகொண்டே போனது.

"முன்னாடி ஆசையா செஞ்சத இப்ப விட்டுட்டாங்களா சார்?" ஹேமலதா கேட்டாள்.

"பூசைக்கு வர்றதில்ல. பேத்தி பொறந்திருக்குது. போன்ல சரின்னு சொல்லிட்டு வெச்சிட்டா. நான்தான் அழுதேன். அவ சாம்பாரக் கிண்டிக்கினு இருந்தா."

"கோவமா இருந்தாங்களா?"

"கோவப்பட்டாத் தேவலயே. என்னத் திட்டியே ஒரு வருஷம் ஆவுது."

ஒரு வருஷமா? யோசித்துப் பார்த்தேன். அதற்கு மேலேயே இருக்கும். சாவியை எங்கே வைத்தோம் என்று தெரியாத மனுஷன் இதை மட்டும் எப்படிக் கவனித்து வைத்தார்? எனக்கு வெட்கமாவது வந்திருக்க வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்து, அவர்கள் கொடுத்த பிஸ்கட்டைத் தின்றேன்.

14 ஜூன், வெள்ளி
எழுத ஒன்றுமில்லை.

21 ஜூன், வெள்ளி
டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். ஸ்கேனில் என்ன தெரிந்தது என்று இதுவரை எனக்குச் சொன்னதில்லை. இந்த முறை கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். என் மூளை. அவருடையதில் இருப்பது போலவே வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். பிரஷர் நூற்றெழுபது. மூன்று வருஷத்துக்கு முன்பே எனக்கு மாத்திரை எழுதித் தந்தார்கள். ஒரு மாதம் போட்டேன், அப்புறம் விட்டுவிட்டேன். அவருக்கு மட்டும் ஒரு வேளை தவறாமல் கொடுத்தேன்.

"எல்லாருக்கும் ஞாபகம் போகாதும்மா. சிலருக்கு ஞாபகம் நல்லா இருக்கும், எதுலயும் நாட்டம் இல்லாமப் போயிடும். வீட்ல களைப்புன்னு நெனச்சிப்பாங்க."

சரியாகிவிடுமா என்று கேட்டது நான் இல்லை, என் வீட்டுக்காரர்தான். வந்தது போகாதாம், கூடாமல் பார்த்துக்கொள்ளலாமாம்.

அப்ப குழந்தையப் பாக்கப் போகாதது நான் இல்லயா? அந்தத் திட்டா? தெரியல. தெரிஞ்சிக்கணும்னும் தோணல —

வெளியே வந்ததும் அவர் சொன்னார்: "எனக்கு மறதி. உனக்கு மனசு வரல. நான் கெளப்புறேன், நீ வழி சொல்லு செல்வி."

30 ஜூன், ஞாயிறு
காலையில் கிளப்பினார். நாளைக்குப் போகலாம் என்றேன். "நாளைக்கு நான் மறந்துடுவேன்" என்று பீரோவிலிருந்து புடவையை எடுத்துக் கட்டில்மேல் வைத்தார். ஆட்டோக்காரரிடம் சொல்லத் தெருப் பெயர் அவருக்கு வரவில்லை. நான் சொன்னேன்.

ஜோவிதா கதவைத் திறந்தாள். என்னிடம் பேசவில்லை. டாக்டர் சொன்னதை அவர் ஆரம்பித்தார். பாதியில் விட்டுப்போனதை நான் சொல்லி முடித்தேன், யாருக்கோ வந்ததைச் சொல்வது போல. அவள் உள்ளே போய்க் குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். தலை கதகதவென்று இருந்தது. என் கண் கலங்கும் என்று அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். கலங்கவில்லை.

நாலு மணிக்கு அவர், "கெளம்பலாமா?" என்றார்.

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம்" என்றது நான்தான்.

அடுத்த வருஷம் என்னைப் பற்றி ஹேமலதா கேட்கும்போது அவருக்கு இது ஞாபகம் இருக்காது. அதனால் எழுதி வைக்கிறேன்.