ஃபில்டரில் தங்கியது

மார்ச் 4, செவ்வாய்

பாக்டீரியாவை நிறுத்தி வைரஸை மட்டும் விடும் சின்னத் துளை ஃபில்டர் தீர்ந்துவிட்டது. அடுத்த மாதம் வரும் என்கிறார் ஸ்டோர்காரர். அவருடைய அடுத்த மாதம் எப்போது என்று அவருக்கே தெரியாது. பெரிய துளை ஃபில்டரில் கடல்நீரை வடித்துப் பாசிக் குடுவையில் ஊற்றினேன். சின்னத் துளையில் வடித்து நான்கு வருடமாக ஊற்றுகிறேன், ஒரு பாசியும் சாகவில்லை. இந்தக் கடல்நீரில் பாசியைக் கொல்லும் வைரஸ் இல்லை என்று எழுதியவளே நான்தான்.

மார்ச் 7

குடுவையில் பாசி செத்து வெளுத்துவிட்டது. பாக்டீரியா புகுந்திருக்கும். வேறென்ன?

மார்ச் 10

பாக்டீரியா இல்லை. மைக்ராஸ்கோப் படத்தில் வைரஸ். ஆனால் எவ்வளவு பெரியது! சின்னத் துளையில் இது நுழையவே நுழையாது. அப்படியானால் நான்கு வருடமும் ஃபில்டரின் மேல் தங்கியது - நான் தினமும் குப்பைத் தொட்டியில் எறிந்தது - இதைத்தானா? கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

மார்ச் 21

டி.என்.ஏ. வரிசை வந்தது. அறுபடாத ஒரே இழை. வைரஸின் கூட்டைக் கட்டும் மரபணு, அதை ஒட்டிப் பாசியின் கொழுப்பு செய்யும் மரபணு, மறுபடி வைரஸுடையது. வெளியிலிருந்து ஒட்டியதென்றால் தனித் துண்டாக இருந்திருக்கும். என்றோ பாசியிடம் திருடித் தனதாக்கிக்கொண்டிருக்கிறது.

ஆமை சொன்னது இதையேதான். பக்கத்து மேஜைக்காரன், எதையும் மெதுவாகச் செய்வதால் நான் வைத்த பெயர். இரண்டு வருடம் முன்பு, ஃபில்டரைச் சுரண்டியெடுத்து இதே மரபணுவைக் காட்டினான். வைரஸ் திருடியது என்றான். கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் நான் எழுந்தேன்: “அது செத்த பாசியோட அழுக்கு. குப்பையைக் கிளறினா குப்பைதான் வரும்.”

சிரித்தார்கள். அந்த மாதமே வேலையை விட்டான்.

என்ன பண்ணிட்டேன் நான்?

மார்ச் 22

வீட்டுக்காரரிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “அவர்கிட்ட சொல்லிட்டியா?” என்றார்.

இல்லை.

மார்ச் 24

போன் செய்தேன். பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுக்கிறானாம். எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். பிறகு, பழைய ஃபில்டர் எத்தனை இருக்கிறது என்று கேட்டான். ஒன்றுகூட இல்லை, எல்லாம் குப்பைக்குப் போய்விட்டது என்றேன்.

“என்கிட்ட முப்பத்தாறு இருக்கு. உன் தொட்டியிலேர்ந்து எடுத்தது. வீட்டு ஃப்ரீசர்ல கிடக்கு.”

கொண்டுவர முடியுமா என்று கேட்டேன்.

ஏப்ரல் 2

ஐஸ் பெட்டியோடு வந்தான். ஒவ்வொரு உறையிலும் தேதி, அவன் கையெழுத்தில். கூட்டத்தில் எழுந்து, அழுக்கு என்று நான் சொன்னது தப்பு என்றேன். யாரும் சிரிக்கவில்லை. இதைப்பற்றி எழுதும் கட்டுரையில் முதல் பெயர் அவனுடையதுதான்.

மேஜை காலியாகத்தான் இருக்கிறது, திரும்பி வா என்றேன். ஐந்து மணிக்கு ட்யூஷன் இருக்கிறது என்று பெட்டியை மட்டும் வைத்துவிட்டுப் போனான்.