நீ எழுதாத நான்கு வரிகள்

இல்லை, இன்னும் பதில் அனுப்பவில்லை. லோயரின் கடிதம் மேசையில்தான் கிடக்கிறது. உறையில் திருநீற்று மணம். என்னிடம் தரும்வரை உன் அம்மா அதைச் சாமியறையில் வைத்திருந்தார்.

உன் பெயருக்கு வந்த கடிதம். பங்குச்சந்தை பற்றிய இணையக் குழுவில் தன்னை அவதூறு செய்ததாக, எங்களைப் போன்ற ஒரு சிறு முதலீட்டாளர் தன் லோயர் மூலம் அனுப்பியது. பதினான்கு நாட்களுக்குள் மன்னிப்பு, அல்லது வழக்கு. நீ இறந்தது அவருக்குத் தெரியாது. குழுவில் எவருக்கும் தெரியாது.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் நாம் இருவரும் இருந்த வாடகை அறை. ஒரு மடிக்கணினி. சொந்தப் பெயரில்தான் எழுத வேண்டும் என்று பிடிவாதமாக நீ திறந்த கணக்கு. அதில் நானும் எழுதினேன். ஒரு விதி மட்டும்: பதிவிடுமுன் மற்றவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். "ஆதாரம் எங்கை?" என்பாய். பாதி அங்கேயே அழிந்துவிடும்.

அன்று நீ கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாய். அந்த ஆள் ஏதோ ஒரு பங்கை வாங்கச் சொல்லி மூன்றாம் நாளாக எழுதியிருந்தார். எனக்கு எரிச்சல். மற்றவர்களை வாங்கவைத்துவிட்டுத் தன்னுடையதை விற்கிறார் என்று எழுதினேன். நான்கு வரி. உனக்கு வாசிக்கவில்லை.

ஈரக் கையோடு வந்து பார்த்தாய்.

"எடி, இது உனக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியும்."

"தெரியாதெண்டு சொல்லு. அழிப்பம்."

நான் விடவில்லை.

"சரி, என்ரை பேரிலை கிடக்கட்டும். கோட்டுக்குப் போனால் நீதான் சோறு கொண்டு வரோணும்."

அடுத்த மாதம் உனக்குக் காய்ச்சல். மூன்றே நாள்.

குழுவில் இப்போதும் சண்டை. 'வழக்கெண்டதும் அக்கா ஒளிச்சிட்டா.' 'ஆதாரம் பருத்தித்துறை பஸ்ஸிலை வருதாம், பொறுங்கோ.' வாசிக்கிறேன். எழுந்து நடக்கிறேன். திரும்ப வாசிக்கிறேன். இறந்தவள்மேல் வழக்கு நிற்காது. நான் பேசாமல் இருந்தால் எல்லாம் அடங்கிவிடும். அந்த நான்கு வரி மட்டும் உன் பெயரில் இருக்கும்.

அலுவலகக் கடிதத்தைக்கூட இப்போது வெறும் அறைக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

கடிதத்தைத் தந்தபோது உன் அம்மா கேட்டது ஒன்றுதான்.

"பிள்ளை, இவள் ஆரைப் பற்றியும் பொய் எழுதினவளோ?"

"விசாரிச்சுச் சொல்லுறன் அம்மா."

விசாரிக்க என்ன இருந்தது?

உனக்கு எழுதும் இதை இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, உன் அம்மா இருக்கும் கரவெட்டிக்கு பஸ் ஏறினேன். எழுதியது நான் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். வாசல் படலைக்கு வெளியே வந்து நின்று, கடிதம் அனுப்பிய லோயருக்குத் தொலைபேசி எடுத்தேன். என் முழுப்பெயரையும் முகவரியையும் சொன்னேன்.