மூன்றாவது ரொட்டி

அன்பு மகள் ஆசியாத்துக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அந்த மஞ்சூரியாக் குளிரில் சுகமாக இருக்க வேண்டும் என்று அடுப்புக்கு மேல் தொங்கும் நம் குலச் சங்கிலியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன். மாடுகள் நலம். உன் அப்பாவுக்கு முழங்கால் வலி, அது எப்போதும் உள்ளதுதான். எல்லோரும் நலம் என்று எழுத வந்த கை மட்டும் நின்றுவிட்டது. உட்கார்ந்து படி அம்மா. உன் தம்பி கெர்மென் நம்மை விட்டுப் போய்விட்டான். மேல் புல்வெளியில் புல் அறுத்துக்கொண்டிருந்த பிள்ளைமேல் இடி விழுந்துவிட்டது.

இடி விழுந்தவனுக்கு அழக்கூடாது என்பது உனக்கும் தெரியும். இடித் தெய்வம் வாசில்லா தனக்கென்று எடுத்துக்கொண்டாராம், நமக்குப் பெருமையாம். அழுதால் அவருக்குக் கோபம் வந்து ஆலங்கட்டி கொட்டும், ஊர்ப் பார்லி முழுக்கப் போகும். அதனால் அவனை நடுவில் கிடத்தி ஊரே கைகோத்துப் பாடி ஆடியது. நானும் ஆடினேனடி. இரண்டு பக்கமும் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு வண்டியில் ஏற்றி மாடுகளைத் தம் போக்கில் விட்டார்கள், அவை நின்ற மேட்டிலேயே அடக்கம். தாத்தாக்களின் பக்கத்தில்கூட அவனுக்கு இடமில்லை.

அடக்கம் முடிந்து வைத்த விருந்துக்குப் பாலாடைக்கட்டி ரொட்டி நான்தான் சுட்டேன். நல்ல காரியத்துக்கு மூன்று, துக்கத்துக்கு இரண்டு என்று பிறந்தது முதல் தெரிந்த கணக்கு, என் கை தானாக இரண்டைக் கொண்டுபோய்ப் பெரியவர்கள் முன்னால் வைத்துவிட்டது. உன் அத்தை கோஸெமா, "என்னடி இது, இடி எடுத்த பிள்ளைக்கு ரெண்டா வைப்பே? ஊரைக் கெடுக்கப் போறியா?" என்று என்னை இழுத்துக்கொண்டு போய், தானே இன்னொன்று சுட்டு வைத்தாள்.

அன்றிலிருந்து நான் இருக்கும் இடத்தில் யாராவது இருக்கிறார்கள். ஊற்றுக்குப் போனால் கூட வருகிறார்கள், பால் கறந்தால் எதிரில் உட்காருகிறார்கள். வெங்காயம் உரித்துப் பார்த்தேன், அதற்கும் கோஸெமா, "ஒரு வாரமா வெங்காயமேதான் சமையலாடி?" என்று கூடையை எடுத்துப்போய்விட்டாள். மலைக்குமேல் ஒரு மேகம் வந்தால் போதும், கிழவர் பிபோ வாசலில் நின்று, "அவ கண்ணைப் பாருங்கப்பா, ஈரமா இருக்கா?" என்று கேட்கிறார். ஒருநாள் தொழுவத்தில் பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்ற உன் அப்பா, என்னைக் கண்டதும் உண்ணி பொறுக்குகிறேன் என்றார். பார்லி அறுத்தபின் அழலாமா என்று கோஸெமாவைக் கேட்டேன், அடுத்த வருஷமும் விதைக்கத்தானே போகிறோம் என்கிறாள். இப்போதும் என் பக்கத்தில்தான் நூல் நூற்றுக்கொண்டிருக்கிறாள். எழுதப் படிக்கத் தெரியாதவள், கடிதத்தைப் பார்க்காமல் என் முகத்தையே பார்க்கிறாள்.

மாப்பிள்ளையை ஆண்களின் தெய்வம் வழியெல்லாம் காக்கட்டும், பெண்பிள்ளை நான் அந்தத் தெய்வத்தின் பெயரைச் சொல்லக் கூடாது. பேரன் நூறு வருஷம் வாழட்டும். காதை மூடாமல் அவனை வெளியே விடாதே. ஒன்றே ஒன்று கேட்கிறேன். உன் வீட்டைச் சுற்றி நம் பார்லி இல்லை, உன் கண்ணைப் பார்க்க யாரும் இல்லை. கதவைச் சாத்தாதே, வாய்விட்டு, அவன் பெயரைச் சொல்லி அழு. எனக்கும் உன் அப்பாவுக்கும் சேர்த்து அழு. அழுது முடித்து இரண்டு ரொட்டி சுடு. ஒன்றையாவது சாப்பிடு, வெறும் வயிற்றோடு படுக்காதே.

இப்படிக்கு,
சிரித்த முகத்தோடு இதை எழுதி முடிக்கும்
உன் அம்மா