அந்தப் பெண்கள் எங்கே போனார்கள்

2004 நவ. 10, புதன்

குளிர். வேலையில் ஓவர்டைம் இல்லை. வெள்ளி செபக்கூட்டம் எங்கள் வீட்டில். வாங்க: பால்மா, பேப்பர் கப், ரோல்ஸுக்கு மீன்.

மகன் றூபன் போன் எடுத்தான். வெள்ளைக்காரி ஜூலியைக் கட்டின நாளிலிருந்து இவர் அவனை வீட்டுப் படி ஏறவிடவில்லை. "அம்மா, ஞாயிறு பதினொரு மணிக்குப் பிள்ளைக்கு ஞானஸ்நானம். புரோசார்ட் கோயில்ல. அப்பா வராட்டியும் நீங்க வாங்கோ." பார்ப்பம் என்றேன். பேத்தியை இன்னும் பார்க்கவில்லை. அழுகைகூட வரவில்லை.

நவ. 11, வியாழன்

இவரிடம் ஞானஸ்நானத்தைச் சொன்னேன், எந்தக் கோயில், எத்தனை மணி என்பதையும். சவரம் செய்துகொண்டே, "இந்த வீட்டில இருந்து ஒருத்தரும் போறேல்லை." சரி என்றேன். கிழங்கு அவித்தேன்.

நவ. 12, வெள்ளி

மழை. இருக்க இடமில்லாமல் ஆட்கள். வேத விளக்கம் வழக்கம்போல இவர். பாபிலோனில் சிறையிருந்த யூதர்களைப் பாரசீக அரசன் ஊருக்குப் போகவிட்டது, இடிந்த கோயிலைத் திரும்பக் கட்டினது. பிறகு, வேற்றினத்தில் பெண் எடுத்தவர்கள் மனைவிமாரையும் பிள்ளைகளையும் அனுப்பிவிடவேண்டும் என்று தீர்மானம். அடைமழையில் நடுங்கிக்கொண்டு நின்று சம்மதித்தார்களாம்.

"அப்பிடி நிண்டபடியாத்தான் அந்தச் சனம் அழியேல்லை. நாங்களும் ஊர் விட்ட சனம்தான்," என்றார்.

மன்னார் திரேசா அக்கா சும்மாதான் கேட்டா: "அனுப்பின பொம்பிளையள் பிள்ளையளோட எங்க போனவையாம், தம்பி?"

இவர் பக்கத்தைப் புரட்டினார். திரும்பவும் புரட்டினார். "அது எழுதியில்லை அக்கா."

நான் தேத்தண்ணி ஊற்றப் போனேன். ரோல்ஸ் நல்லாயிருந்ததாம்.

நவ. 13, சனி

உடுப்புத் தோய்த்தேன். கடையில் குழந்தைச் சட்டை ஒன்று, மஞ்சள். தொட்டுப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

நவ. 14, ஞாயிறு

காலைப் பூசை. வந்ததும் இவர், காருக்கு விண்டர் டயர் மாற்றவேண்டும் என்று வெளிக்கிட்டார். பதினொரு மணிக்கு நான் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். மணிக்கூட்டைப் பார்த்தேன், பிறகு மிச்சத்தையும் வெட்டினேன். பஸ் இருந்தது. போகவில்லை.

மத்தியானம் தாண்டித்தான் வந்தார். சப்பாத்தைக் கழற்றாமல் கதவடியிலேயே நின்றார்.

"புரோசார்ட்டுக்குப் போனனான்," என்றார். "பிள்ளைக்கு உம்மட மூக்கு."

கறிச்சட்டியை இறக்கிவைத்தேன். "என்னையும் கூட்டிக்கொண்டு போயிருக்கலாமே," என்றேன்.

"நீர் போகவேணும் எண்டு ஒருக்காலும் சொல்லேல்லையே."

சோறு போட்டுக் கொடுத்தேன்.