இடது பக்கம் சாய்ந்த ஆணிகள்

நவம்பர் 4, திங்கள்

இவ்வளவு காலமும் வாய் திறக்காமல் இருந்தது போதும். யாரிடமும் சொல்ல முடியாவிட்டால் இதிலாவது எழுதி வைக்கிறேன்.

காலையிலிருந்தே மழை. வெள்ளவத்தையில் ஏறிய பஸ்ஸைக் கொழும்புக் கோட்டையில் ஆமி மறித்து, எல்லோரையும் இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள். என்னுடையதை இரண்டு தரம். மடித்த குடைக்குள்ளும் ஒரு பார்வை. கொட்டாஞ்சேனையில் பாடசாலைக்குப் போய்ச் சேரும்போது முதலாம் பாடம் முடிந்துவிட்டது.

இன்று செய்ய இருந்தவை: பரீட்சைப் பலகைகளைத் தூசி தட்டல். புதுப் பல்புகள். பியூஸ் கம்பி. குறடுகளுக்கு எண்ணெய்.

முதலாவதோடு நின்றுவிட்டது.

பலகை என்றால் என் வகுப்புப் பிள்ளைகள் செய்முறைப் பரீட்சைக்காகச் செய்தவை. மாடிப்படி விளக்கு. கீழே ஒரு சுவிச், மேலே ஒரு சுவிச், இரண்டுக்கும் ஒரே பல்ப். ஒவ்வொரு பலகையின் மூலையிலும் ஒரு தகரத் துண்டு, அதில் பிள்ளையின் சுட்டெண். பெயர் கிடையாது.

மற்றப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் இவற்றை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். எங்கள் பிள்ளைகளுக்கு அது இல்லை. போன வருடம் ஒரு பெடியன் கதவு மணி ஒன்று செய்து பையில் கொண்டுபோனான். வயர், பற்றரி, சுவிச், தமிழ்ப் பெயர். குண்டென்று நினைத்து இரவு முழுக்கப் பொலிசில் வைத்திருந்தார்கள். அதன் பிறகு ஒரு துண்டு வயரும் வாசலைத் தாண்டக் கூடாது. எல்லாம் ஸ்டோர் அறையில். அந்தப் பூட்டின் திறப்பு ந.விடம். (பாடசாலை அதிபர் என்று எழுதக் கை வரவில்லை.)

திறப்பைக் கேட்டபோது தயங்கித்தான் தந்தான். துடைத்துக்கொண்டு போகையில் ஸ்டெல்லாவின் பலகை வந்தது. எண்ணைப் பார்க்க முன்பே தெரிந்தது. வகுப்பில் ஒரே பெண் பிள்ளை, ஒரே இடக்கைக்காரி. வயரைப் பிடிக்கும் கிளிப்புகளுக்கு அவள் அடிக்கிற ஆணிகள் எல்லாம் ஒரு மயிரிழை இடது பக்கம் சாய்ந்திருக்கும். மற்றவர்களுடையது வலது பக்கம். இதைச் சொல்லி அவளைக் கேலி செய்திருக்கிறேன்.

ஆனால் தகரத்தில் இருந்தது அதே வகுப்பு அரவிந்தனின் எண். தகரத்துக்குப் பக்கத்தில் பழைய ஆணி இருந்த வெறும் ஓட்டை.

அரவிந்தனின் பலகையைத் தேடினேன். அதில் ஸ்டெல்லாவின் எண். இரண்டுக்கும் மின்சாரம் கொடுத்துப் பார்த்தேன். ஸ்டெல்லாவுடையது எரிந்தது. அரவிந்தனுடையது எரியவில்லை. அவன் கையில் அது ஒருநாளும் எரிந்ததில்லை.

துடைத்து முடிய முதல் ந. வாசலில். "காணும், பூட்டுவம். இனிப் பரீட்சை அண்டைக்குத்தான் திறக்கிறது." திறப்பைக் கை நீட்டி வாங்கிக்கொண்டான்.

நவம்பர் 5, செவ்வாய்

வெயில். புழுக்கம். இரவு நித்திரை குறைவு. மதியத்துக்குப் பாணும் பருப்பும்.

அடுத்த புதன் கல்வித் திணைக்களத்திலிருந்து பரீட்சகர் வருகிறார். எங்கள் பாடசாலையில் முதலாவதாக வரும் பிள்ளைக்கு மருதானைத் தொழிற்கல்லூரியில் இரண்டு வருடப் பயிற்சி, ஒரே ஒரு இடம். பயிற்சிக் காலத்தில் மாதாமாதம் கொஞ்சம் பணமும் உண்டு. அந்த இடம் ஸ்டெல்லாவுடையது. இதில் எனக்குச் சந்தேகமில்லை, ந.வுக்கும் இல்லை. இல்லாவிட்டால் தகரத்தைப் பிடுங்கியிருக்க மாட்டான்.

இடைவேளையில் ஸ்டெல்லா வந்தாள்.

"சேர், என்ட போர்ட ஒருக்கா பார்க்க ஏலுமா? மேல் சுவிச் மூடிய இறுக்கினேனான்டு நெனவில்ல."

"ஸ்டோர் பூட்டு."

"நேத்து சேர் பார்த்தீங்கதானே? எரிஞ்சிச்சா?"

எரிந்தது என்றேன். அவளுடையது எரிந்தது உண்மைதான்.

"மருதானை கெடைக்கல்லன்டா தை மாசம் காமன்ட்டுக்குப் போகச் சொல்றாங்க அம்மா. பக்கத்து வீட்டு அக்கா ஆளும் பேசிட்டா. நான் சொன்னேன், புதன் மட்டும் பொறுங்கன்டு."

முகத்துவாரத்துப் பிள்ளை. தகப்பன் படகில் கூலி. காமன்ட் என்றால் விடிய முதல் போய் இருட்டி வருகிற தையல் மெசின்.

பள்ளி விட்ட பிறகு அரவிந்தன். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கை. தகப்பன் பெரிய வியாபாரி. எங்கள் பாடசாலை மண்டபத்துக்குக் கூரை போட்டுத் தந்தவர். பெடியன் கெட்டவன் இல்லை.

"சேர், என்ர போர்ட் எரியாதெண்டு எனக்குத் தெரியும். இப்ப எரியுதாம் எண்டு அப்பா சொல்லுறார்."

"அவருக்கு ஆர் சொன்னது?"

"போன் வந்தது சேர். அதிபர் சேர்தான் எடுத்தவர்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "கரண்ட் தானா வருமோ சேர்?" என்றான். சிரிக்கவில்லை. அழுகிற முகம்.

நவம்பர் 6, புதன்

ந.விடம் நேரே போனேன். ஒரே கல்லூரியில் படித்தோம், அவன் எனக்கு இரண்டு வகுப்புக் கீழே. நான் பௌதிகத்தில் பட்டம். அவன் எப்படியோ பட்டம். இன்று அவன் கதிரையில், நான் நின்றபடி.

"இரும் ஐசே. தேத்தண்ணி?"

"தகரம் மாறியிருக்கு."

"என்ன தகரம்?"

"ஸ்டெல்லாவின்ர பலகையில அரவிந்தன்ர எண்."

மறுப்பான் என்று நினைத்தேன். மறுக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து இருந்தான்.

"அவனுக்கு அடுத்த வருசம் பதினெட்டு. போன மாசம் பொலிஸ் ரவுண்டப்பில ஒருக்காப் பிடிச்சுக்கொண்டுபோய்ப் பிறகு விட்டவங்கள். அடுத்த முறை விடுவாங்களோ? மருதானைக் கடிதம் கையில இருந்தா அதைக் காட்டி விசா எடுத்துத் தகப்பன் கனடாவுக்கு அனுப்பிப் போடுவார். ஒரு தமிழ்ப் பெடியன் தப்புறான். பெட்டைக்கு என்ன? ரெண்டு வருசத்தில கலியாணம் முடிச்சுக்கொண்டு இருந்திடும்."

"அவளின்ர வேலை அது."

"நீர் எப்பவும் இப்பிடித்தான். சட்டம்." தேநீரை என் பக்கம் தள்ளினான். "உம்மட பேர் ஒருக்காப் பொலிசில அடிபட்டது. திரும்பவும் அடிபட வேணுமே? உமக்காகத்தான் சொல்லுறன்."

தேநீரைத் தொடவில்லை.

இவன் செய்தவை, மறக்காமல் இருக்க:
எனக்கு வரவேண்டிய உப அதிபர் பதவியைத் தடுத்தது.
பௌதிகம் படிப்பித்தவனைப் பிடித்துப் பட்டறையில் போட்டது. (பட்டறை எனக்குப் பிடித்துப்போனது வேறு விஷயம். அதற்காக இவனுக்கு நன்றி இல்லை.)
என் கறுப்புக் குடையை வாங்கித் திருப்பித் தராதது.
மொட்டைக் கடிதம்.

கடைசியை நிரூபிக்க முடியாது. மூன்று வருடம் முன் பொலிசுக்கு ஒரு பெட்டிசம், பெயரில்லாமல்: இந்த வாத்தியார் வீட்டில் மணிக்கூடுகளும் பற்றரிகளும் வைத்திருக்கிறார். உண்மைதான், ஆசிரியர்களின் பழுதான மணிக்கூடுகளைத்தான் வைத்திருந்தேன். அது ஆசிரியர் அறைக்கு வெளியே யாருக்கும் தெரியாது. பொலிஸ் என்னைப் பிடித்து உள்ளே வைத்திருந்த நாட்களில் எங்கள் ஆசிரியர்தான் என்று ஒரு வரி எழுதித் தரும்படி என் மனைவி ந.விடம் போய்க் கேட்டாள். பாடசாலையின் பெயரை இதற்குள் இழுக்க வேண்டாம் என்றானாம்.

நவம்பர் 7, வியாழன்

பின்னேரம் இடி. மின்சாரம் போய் வந்தது.

பாடமில்லாத நேரத்தில் கல்வித் திணைக்களத்துக்கு ஒரு முறைப்பாடு எழுதினேன். ஒன்றரைப் பக்கம். பெயர் போட்டால் என்ன சொல்வார்கள்? பதவி கிடைக்காதவனின் பழைய கோபம் என்பார்கள். என் பெயர் விழுந்த இடத்தில் ஸ்டெல்லாவின் நியாயமும் கெட்டுப்போகும். ஆகவே பெயர் இல்லை. என் கையெழுத்தும் கூடாது, ஊருக்கே தெரிந்த எழுத்து. காலி வீதியில் ஹாஜியாரின் கொமியூனிகேசன் கடைக்குத் தட்டச்சுக்குக் கொண்டுபோனேன்.

ஹாஜியார் கண்ணாடியை ஏற்றித் தாளின் அடியில் பார்த்தார். "மாஸ்டர், பேர் இல்லயே."

"தேவையில்லை."

"பேரில்லாத கடுதாசியா? மன்னிக்கோணும், என்ட மெசின்ல ஏலாது. போன மாசம் ஒருத்தன் அடிச்சிட்டுப் போனான். பொலிஸ் வந்து என்னைத்தான் கேட்டுச்சு, அவனையில்ல." தாளைத் திருப்பித் தந்தார். "டீ குடிச்சிட்டுப் போங்க. சல்லி வேணாம்."

வெளியே நின்று, மழைக்கு ஒதுங்கியபடி நான் எழுதியதையே வாசித்தேன். ஆசிரியனாக இல்லை. மூன்று வருடம் முன் என் முன்னால் இருந்த அந்த அதிகாரியாக வாசித்தேன். கொட்டாஞ்சேனைத் தமிழ்ப் பாடசாலை. பூட்டிய ஸ்டோர். வயர், சுவிச். திறமையான ஒரு பிள்ளை, முகத்துவாரம், துறைமுகத்துக்குப் பக்கம். வெளிநாடு போக இருக்கும் ஒரு பெடியன். அனுப்பியவர் பெயர் இல்லை.

கல்வி என்ற சொல் இரண்டு இடத்தில்தான் இருந்தது. இதைத் திணைக்களத்தில் யாராவது மேலே அனுப்பினால் ஸ்டெல்லாவைத் தேடி வருவது பரீட்சகர் இல்லை, ஜீப்.

பொடிப்பொடியாகக் கிழித்து வீதியோரக் கானுக்குள் போட்டேன். மழைத் தண்ணீரோடு போய் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

நவம்பர் 8, வெள்ளி

மனைவியிடம் எல்லாம் சொன்னேன். மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தவள் நிறுத்தவில்லை.

"கிழிச்சது நல்லது. இனிப் பேசாம இருங்கோ."

"அந்தப் பிள்ளை?"

"அதுக்குத் தாய் தகப்பன் இருக்கினம். இஞ்சருங்கோ, அண்டைக்குப் பொலிஸ் வாசல்ல நிண்டது ஆர்? நான். விடிய மட்டும் நிண்டனான். ஸ்டெல்லாவும் நிக்கேல்லை, கல்வித் திணைக்களமும் நிக்கேல்லை."

சாப்பிடும்போது அவளே மறுபடி தொடங்கினாள். "அந்தாளுக்குத் தெரியாமச் செய்யப் பாக்கிறதுதான் பிழை. செய்யிறதெண்டா அந்தாளுக்கே எழுதுங்கோ. வேற ஒருத்தரின்ர கையிலயும் போகாது."

நவம்பர் 9, சனி

வானம் வெளித்திருக்கிறது.

வீட்டிலிருந்து அகற்றியவை: பழைய மணிக்கூடுகள், பற்றரிகள், ஈயக் கம்பி, சோதனை விளக்கு. கொழும்பில் தங்கியிருக்க எடுத்த பொலிஸ் பதிவுத் துண்டு மேசைமேல், கதவைத் திறந்ததும் கண்ணில் படும்படி. இவள் ஒன்றும் கேட்காமல், திரும்பப் பிடித்துக்கொண்டுபோனால் தேவைப்படும் என்று என் மாத்திரைகளை ஒரு சிறு பையில் கட்டி வைத்தாள்.

பிறகு வரைபலகையை எடுத்தேன். கோடு போட்டு, வரைபட எழுத்தில், ஒவ்வொரு எழுத்தாக. பாடசாலையில் தொங்குகிற ஒவ்வொரு அறிவித்தலும் இந்தக் கையால் எழுதியது. மலசலகூடக் கதவு உட்பட. உறையைக் கண்டதுமே ந.வுக்குத் தெரியும்.

எழுதியது இவ்வளவுதான்:

'தகரங்களைச் செவ்வாய்க்கிழமைக்கு முதல் பழையபடி மாற்றவும். மாற்றாவிட்டால் புதன்கிழமை பரீட்சகர் முன்னிலையில் இரு பிள்ளைகளிடமும் ஒரு சுத்தியலும் ஓர் ஆணியும் கொடுக்கப்படும். பலகையில் உள்ள ஆணிகள் இடது பக்கம் சாய்ந்தவை. பெடியனுக்கு வழி வேண்டும் என்றால் அவன் தகப்பனிடம் பணம் இருக்கிறது. பெண் பிள்ளையிடம் இந்தப் பலகை மட்டும்தான் இருக்கிறது.'

வாசித்துப் பார்த்தேன். துறைமுகம் இல்லை. ஊர் இல்லை. ஸ்டெல்லாவின் பெயர் இல்லை. அந்நியன் எவன் பிரித்தாலும் தச்சுவேலை என்றுதான் நினைப்பான். ந. இதை யாரிடமும் காட்டப் போவதில்லை. காட்டினால் தகரம் ஏன் மாறியது என்றும் சொல்ல வேண்டி வரும். பழிக்கு இன்னொரு பெட்டிசம் எழுதுவானா? எழுதலாம். மேசைமேல் பதிவுத் துண்டு இருக்கிறது.

கீழே பெயருக்கு இடம் விட்டிருந்தேன். மை தொட்டும் விட்டேன். இவள் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றாள், தபால் கந்தோர் மத்தியானத்தோடு பூட்டிவிடும் என்று.

அன்று என்மேல் பொலிசுக்குப் போன கடிதத்தில் பெயர் இல்லை, எழுத்தும் யாருடையது என்று தெரியாது. இதில் எழுத்து இருக்கிறது. அவனுக்கு அது போதும்.

பேனாவை மூடிவிட்டேன். பெயரில்லாமலே தபாலில் போடுகிறேன்.