அனுப்பும் ஒயர்

வியாழன் இரவு, சிதம்பரம்.

வீட்டில் சரியான நேரம் காட்டும் டைம் சர்வருக்காக, செயற்கைக்கோளிலிருந்து நேரம் வாங்கும் ஜிபிஎஸ் போர்டைக் கணினியோடு இணைத்தும் இந்த வாரம் முழுக்கத் திரையில் ஒன்றும் வரவில்லை. மாலையில்தான் பார்த்தேன், போர்டின் அனுப்பும் முனையைக் கணினியின் கேட்கும் முனையில் சேர்க்காமல், அதன் அனுப்பும் முனையிலேயே சேர்த்திருக்கிறேன். இரண்டும் பேசின, கேட்க ஆள் இல்லை. ஒயரை மாற்றியதும் செயற்கைக்கோள் நேரம் வந்துவிட்டது.

அப்போது கடலூரிலிருந்து என் மனைவி கலா போனில் கூப்பிட்டாள். கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனவள், அவளாகக் கூப்பிட்டது இன்றுதான்.

“ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“மொதல்ல இதக் கேளு, செட்டு வேல செய்யுது!”

ஆன்டெனா வரைக்கும் சொல்லி முடித்தேன்.

“சந்தோஷம். சாப்ட்டுப் படுங்க.”

பிறகு நான் கூப்பிட்டும் எடுக்கவில்லை. என்ன சொல்ல வந்தாள்?

நேரம் நொடி பிசகாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. பார்க்கப் பிடிக்காமல் திரையை அணைத்துவிட்டேன்.