தட்டில் ஏறிய அம்பா

1948 ஏப்ரல் 20, சென்னை
இன்றும் பாட்டைப் பதிக்கிற மெழுகுத் தட்டு பாழ். கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாவைத்தான் பாடச் சொல்கிறார்கள். மீசை முளைத்த நாளிலிருந்து பாடுகிறேன். ஆனால் ஒவ்வொரு அடி முடிந்ததும் வாய் தானாக நின்றுவிடுகிறது. எங்கள் ஊர் திரேஸ்புரத்தில் அந்த இடத்தில் வலைக்காரர்கள் "ஏலேலோ" என்று சேர்ந்து இழுப்பார்கள். இங்கே யார் இருக்கிறார்கள்? ஒரு குரல் போதும், ஆட்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள்.
"ஏன் சார் நிறுத்தறீங்க, மறந்துபோச்சா?" என்றார் இசைத்தட்டுக் கம்பெனிக்காரர். மறக்கிறதாவது! வந்த எரிச்சலுக்கு ஊருக்கு ரயில் ஏறியிருப்பேன்.

ஏப்ரல் 21
விடுதி அறையில் நடந்து நடந்து, நிறுத்தாமல் பாடிப் பழகினேன். தொண்டை எரிகிறது.

ஏப்ரல் 23
பதிவாகிவிட்டது. கை தட்டினார்கள். எனக்குத் தூங்கினால் போதும்.

ஆகஸ்ட் 20, திரேஸ்புரம்
தட்டு வந்தது. நடுவில் என் பெயர், பர்னபாஸ். என் வீட்டுக்காரி சவரியம்மாள் அதில் முகம் பார்த்துத் தலை சீவுகிறாள். "பாட்டுப் பொட்டி வாங்குற வரைக்கும் இதுக்காவது ஆகட்டும்" என்கிறாள். கொழுப்பு!

ஆகஸ்ட் 22, ஞாயிறு
பூசை முடிந்து காசிலிங்கம் அண்ணாச்சியின் காப்பிக்கடையில் தட்டைப் போட்டார்கள். துறைமுகக் குமாஸ்தாக்கள் பிரமாதம் என்றார்கள், மறுபடி போடச் சொன்னார்கள். எங்கள் வலைக்காரர்கள் வாசலிலேயே நின்றார்கள். ஜேசுபாதம்தான் வாயைத் திறந்தான்.
"நல்லாத்தான் இருக்கு மச்சான். ஆனா நாங்க எங்கன சேந்துக்கிட?"
பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 30
காப்பிக்கடையில் தினமும் தட்டைக் கேட்டுக் கேட்டு, வலையில் என்னையறியாமல் அதில் பாடினபடியே நிறுத்தாமல் பாடிவிட்டேன். ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்து, மீன் சேரும் வலைமடி சரிந்து, பாதி மீன் கடலுக்கே போனது. "ஏலே, நிறுத்துலே! கை பிஞ்சிரும்!" என்று ஜேசுபாதம் கத்தினான்.

ஆகஸ்ட் 31
நிறுத்தி நிறுத்திப் பாடிப் பார்த்தேன். இடம் தப்பி நின்றேன், அவர்கள் இழுக்கத் தயாராக இல்லை. யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எனக்கு என்னதான் ஆச்சு? இனி அம்பா பாடவே வராதோன்னு பயமா இருக்கு.

செப்டம்பர் 4
கம்பெனி ஆள் தேடி வந்தார். தட்டு நன்றாக விற்கிறதாம், இன்னொன்று பாட வேண்டுமாம். சரி என்றேன். சந்தோஷமே வரவில்லை.

செப்டம்பர் 6
விடியலில் வலை. ஜேசுபாதம் பாடினான். கரகரத்த குரல், சுதியும் இல்லை. ஆனால் அடிக்கு அடி நின்றான். கயிற்றின் கடைசி ஆளாக நின்று நானும் "ஏலேலோ" என்றேன். நல்ல சாளைப்பாடு, மடி நிறைய மீன்.